கூஸ் வாத்து ஏன் முட்டை குறைவாகப் போடுகிறது? சேலம், ஏற்காடு பக்கம் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னங்குறிச்சி தாண்டி, ஏற்காடு மலையடிவாரத்தில் ஒரு சின்னத் தோப்பும் பதினொரு கூஸ் வாத்துகளும் வைத்திருக்கிறேன். என்னிடம் குஞ்சு வாங்கிப் போனவர்கள் கொஞ்ச நாள் கழித்து போன் செய்தால், பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "அண்ணா, இன்னும் முட்டையே போடலை." ஆளாளுக்குச் சொன்ன பதிலை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கூஸ் என்று நான் சொல்வது, ஆளைக் கண்டால் நீளக் கழுத்தைத் தரையோடு தாழ்த்திச் சீறிக்கொண்டு வருமே, அந்தப் பெரிய வாத்து. அறுவடை வயலில் மந்தையாக மேயும் நாட்டு வாத்தின் கணக்கு வேறு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு கூஸ் வருஷத்துக்கு எத்தனை முட்டை போடும்?

இனத்தைப் பொறுத்தது. சீன இனம் நன்றாக வளர்த்தால் 40 முதல் 80 வரை போடும். எம்டன், துலூஸ் போன்ற கனத்த ஐரோப்பிய இனங்கள் 25 முதல் 40 வரை. வடகிழக்குச் சீனாவில் ஹுவோயன் என்று ஒரு சிறிய இனம் உண்டு, அது 100-ஐத் தாண்டும். நம் பக்கம் கைமாறிக் கைமாறிக் கலந்துபோன வாத்துகளை வைத்துக்கொண்டு 80 எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். என் பட்டியில் நல்ல பெட்டை ஒரு பருவத்தில் முப்பதைத் தொட்டாலே நான் வெளியே சொல்லிக்கொள்வேன்.

தினமும் போடாது. ஒன்றுவிட்டு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் இடைவெளி. முட்டை 120 முதல் 200 கிராம் வரை இருக்கும். கோழி முட்டை 50, 60 கிராம்தான். விடிகாலையில் வைக்கோலுக்குள் கைவிட்டு எடுக்கும்போது உள்ளங்கை நிறையச் சூடாக உட்காரும். ஓடு சுண்ணாம்பு அடித்த சுவர் போல லேசாகச் சொரசொரக்கும்.

நாமக்கல் கோழி 300-க்கு மேல் போடுதே, இதற்கு என்ன கேடு?

இதற்கு ஒரு கேடும் இல்லை. கோழியைத்தான் மனிதன் மாற்றிவிட்டான். முட்டைக்கோழி பல தலைமுறையாக முட்டைக்கென்றே பொறுக்கி எடுக்கப்பட்டது. அடைக்கு உட்காரும் புத்தியே அதனிடமிருந்து கழிக்கப்பட்டுவிட்டது. கூஸை மனிதன் வளர்த்தது கறிக்கும் கொழுப்புக்கும் இறகுக்கும். காட்டில் இருக்கும் இதன் மூதாதை ஒரு பருவத்துக்கு ஐந்தாறு முட்டை போட்டு, அடை உட்கார்ந்து, குஞ்சோடு எழுந்து போய்விடும். அந்த ஐந்தாறு எங்கே, இன்றைய 40 எங்கே? நடுவில் நடந்ததெல்லாம் மனிதன் செய்த தேர்வு.

சந்தையில் வாங்கியது என்ன இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நெற்றியைப் பாருங்கள். மூக்குக்கு மேலே குமிழ் போலப் புடைத்திருந்தால் சீன இனத்து ரத்தம். அதன் மூதாதை கிழக்காசியக் காட்டு வாத்து. குமிழ் இல்லாமல் நெற்றி வழவழவென்று இறங்கி, உடம்பு பெருத்து, அடிவயிறு தொங்கினால் ஐரோப்பிய வகை. அதன் மூதாதை வேறு, சாம்பல் நிறக் காட்டு வாத்து. இரண்டும் தனித்தனி இனமாக இருந்தும் தாராளமாகக் கூடிக் குஞ்சு பொரிக்கும். அதனால்தான் அரைக்குமிழ் வைத்த வாத்துகளை ஊரெங்கும் பார்க்கிறோம். முட்டைதான் முக்கியம் என்றால் குமிழ் உள்ள, உடம்பு ஒடிசலான வாத்தை எடுங்கள். கனத்த வாத்து பார்க்க ராஜா மாதிரி இருக்கும், முட்டைக் கூடைதான் நிறையாது.

அதிகம் போடும் பெட்டையின் குஞ்சும் அதிகம் போடுமா?

ஓரளவுக்கு. உடம்பு எடை தாய் தகப்பனிடமிருந்து நன்றாக இறங்கும். முட்டை எண்ணிக்கை அந்த அளவுக்கு இறங்காது. தீவனம், வெயில், பயம், வயது எல்லாம் நடுவில் புகுந்துகொள்ளும். அதனால் ஒரு பெட்டை ஒரு வருஷம் போட்டதை வைத்து அதன் வம்சத்தை எடைபோடக் கூடாது. இரண்டு வருஷமாவது எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். நான் காலில் கலர் வளையம் போட்டு, சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் கரிக்கோடு போடுகிறேன். இதைவிடப் பெரிய தொழில்நுட்பம் என்னிடம் இல்லை.

இரண்டு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. முதலாவது சேவல். அது முட்டை போடுவதில்லை என்பதால் யாரும் அதன் வம்சத்தை விசாரிப்பதில்லை. ஆனால் அதன் தாய் எத்தனை போட்டாள் என்பது அதன் ரத்தத்திலும் இருக்கிறது, ஒவ்வொரு குஞ்சிலும் பாதி அதனுடையது. பெரிதாக, கம்பீரமாக இருக்கிறது என்று சேவலைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, நன்றாகப் போட்ட பெட்டையின் மகனா என்று கேளுங்கள்.

இரண்டாவது விஷயத்தை நானே பத்து வருஷம் கழித்துத்தான் உணர்ந்தேன். கிராமத்தில் குஞ்சு எப்படி வருகிறது? எந்தப் பெட்டை சீக்கிரம் அடைக்கு உட்காருகிறதோ, அதன் முட்டைதான் பொரிக்கிறது. அடைக்கு உட்காராமல் போட்டுக்கொண்டே இருப்பதன் முட்டை ஆம்லெட்டாகிவிடுகிறது. அப்படியானால் தலைமுறை தலைமுறையாக நாம் எதைத் தேர்வு செய்துகொண்டிருக்கிறோம்? பத்து முட்டையோடு நிறுத்திக்கொள்ளும் வம்சத்தை! இப்போது நான் அதிகம் போடும் பெட்டையின் முட்டையைத்தான் இன்குபேட்டருக்கோ வேறு அடைவாத்துக்கோ கொடுக்கிறேன். சீக்கிரம் உட்காருபவளுக்கு வளர்ப்புத் தாய் வேலை.

ஒரே அடையில் பொரித்த அண்ணன் தங்கையை ஜோடி சேர்க்கலாமா?

வேண்டாம். ஒரு தலைமுறையில் பெரிதாகத் தெரியாது. தொடர்ந்து செய்தால் முட்டை குறையும், கரு தரிப்பது குறையும், ஓட்டை உடைக்க முடியாமல் உள்ளேயே சாகும் குஞ்சுகள் கூடும். சேலத்தில் ஒரே ஆளிடம் வாங்கிய ஜோடி என்றால் அநேகமாக ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். சேவலை ஆத்தூர் பக்கமோ மேட்டூர் பக்கமோ, வேறு கையிலிருந்து வாங்குங்கள்.

ஒரு சேவலுக்கு எத்தனை பெட்டை?

சீன இனத்துக்கு நான்கு முதல் ஆறு. கனத்த இனத்துக்கு மூன்று, நான்கு. ஆனால் இது கோழிச் சேவல் இல்லை, பிடித்த பெட்டை, பிடிக்காத பெட்டை என்று பாகுபாடு பார்க்கும். அதனால் பருவம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சேர்த்துவிட வேண்டும். முட்டைக் காலத்தின் நடுவில் சேவலை மாற்றினால் அந்த வருஷத்தை மறந்துவிடலாம்.

எந்த மாதத்தில் போடும்? யூடியூபில் பிப்ரவரி என்கிறார்கள், என்னுடையது ஐப்பசியிலேயே போடுகிறது.

உங்கள் வாத்து சரியாகத்தான் இருக்கிறது. அந்த வீடியோ குளிர் நாட்டுக்காரர் எடுத்ததாக இருக்கும்.

கூஸுக்கு நாள்காட்டி பகல் வெளிச்சத்தின் நீளம். பறவைகள் இதைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் இறங்கும் வெளிச்சத்தையே உணர்கின்றன. பெர்லின் போன்ற ஊரில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல். அங்கே பகல் நீளத் தொடங்கியதும் ஐரோப்பிய இனங்கள் முட்டைக்குத் தயாராகி, வசந்த காலத்தில் போட்டு முடித்துவிடும். தென் சீனாவின் குவாங்டாங் பக்கத்து இனங்கள் அதற்கு நேர் எதிர். பகல் குறையும்போது தொடங்குகின்றன. ஆடி, ஆவணி வாக்கில் ஆரம்பித்துப் பங்குனி வரை போட்டு, பகல் நீண்டு வெயில் ஏறும்போது நிறுத்தி இறகு உதிர்க்கின்றன.

சேலத்தில் பகலின் நீளம் எவ்வளவு மாறுகிறது தெரியுமா? மார்கழியில் ஏறத்தாழ 11 மணி 25 நிமிடம், ஆனி தொடக்கத்தில் 12 மணி 50 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சீன ரத்தம் உள்ள வாத்து தன் காலத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. என் பட்டியில் புரட்டாசி மழை இரண்டு பெய்து புல் துளிர்த்ததும் சேவல்கள் சண்டையைத் தொடங்கும், ஐப்பசியில் முதல் முட்டை, மாசியோடு சரி. சுத்த ஐரோப்பிய ரத்தம் உள்ளது இங்கே குழம்பிப்போகிறது. அதற்குப் பழக்கமான அந்த நீண்ட பகல் நம் ஊரில் வருவதே இல்லையே.

அப்போ விளக்கு போட்டால் கூடுதலாகப் போடுமா? கோழிப் பண்ணையில் போடுகிறார்களே?

முட்டைக்கோழிக்கு 16 மணி நேர வெளிச்சம் கொடுப்பது வழக்கம். அதைப் பார்த்து கூஸ் கொட்டகையில் பல்ப் கட்டாதீர்கள். பகல் குறையும்போது போடும் வகைக்கு நீண்ட வெளிச்சம் என்றால் "பருவம் முடிந்தது" என்ற தகவல். ஐப்பசியில் ஒருவர் பாம்புக்குப் பயந்து பட்டிக்கு நேராக எல்இடி போகஸ் லைட் மாட்டி ராத்திரி முழுக்க எரியவிட்டார். தை பிறப்பதற்குள் அவருடைய வாத்துகள் இறகு உதிர்க்க ஆரம்பித்துவிட்டன. காவலுக்கு விளக்கு வேண்டுமென்றால் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

சீனப் பண்ணைகளில் மூடிய கொட்டகையில் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்ட வெளிச்சம் கொடுத்து நிறுத்தி, பிறகு 11 மணி நேரத்துக்குக் குறைத்து, பருவம் தப்பிய காலத்தில் போடவைக்கிறார்கள். அதற்கு வெளிச்சம் புகாத கொட்டகை, விசிறி, கரண்டு பில் எல்லாம் வேண்டும். பத்து வாத்துக்கு அது கட்டுப்படியாகாது.

ஏற்காட்டில் வளர்த்தால் அதிகம் போடுமா?

இதற்கு எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. ஒரே அடையில் பொரித்த எட்டுக் குஞ்சில் நாலை மேலே சித்தப்பாவின் காபித் தோட்டத்துக்கு அனுப்பினேன், நாலை இங்கே வைத்துக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுதான் இடைவெளி. உயரம் என்று பார்த்தால் சேலம் 280 மீட்டர் சுமார், ஏற்காடு 1,500 மீட்டர். வெயில் ஏழெட்டு டிகிரி குறைவு. ஆனால் சூரியன் ஒன்றுதான், பகலின் நீளமும் ஒன்றுதான். அதனால் முதல் முட்டை இரண்டு இடத்திலும் சில நாள் முன்னே பின்னேதான் வந்தது. வித்தியாசம் கடைசியில். எங்கள் வாத்துகள் மாசியில் நிறுத்தியபோது அங்கே பங்குனி பாதி வரை ஒன்றிரண்டு விழுந்துகொண்டிருந்தது. ஓடும் கெட்டி.

அதற்காக மலைக்கு வண்டி ஏற்றிவிடாதீர்கள். மேலே வேறு தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் மூடுபனியும் தூறலும். அதாவது முட்டைக் காலத்தின் உச்சத்தில் கூடு ஈரம். ஈரக் கூட்டில் விழுந்த முட்டை சேறு பூசிக்கொண்டு வரும், கழுவினால் அழுகும். சித்தப்பா இப்போது சில்வர் ஓக் காய்ந்த இலையைச் சாக்கில் கட்டி வைத்து, இரண்டு நாளைக்கொரு முறை கூட்டுக்குள் மாற்றுகிறார். மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் மலை ஈரத்தில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைத் தாக்கும். கோழி தாங்கும் அளவைக்கூட வாத்து இனம் தாங்காது. வாசனை மாறிய புண்ணாக்கை யோசிக்காமல் குப்பைக் குழியில் போடுங்கள்.

சேலத்து வெயிலில் என்ன ஆகிறது?

சித்திரை மத்தியானம் இரண்டு மணிக்கு என் சேவலைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இறக்கை இரண்டையும் உடம்பிலிருந்து தள்ளித் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து, தொண்டைத் தோல் படபடக்க, தொட்டி ஓரத்தில் ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்து நிற்கும். வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்பு முழுக்க மெத்தை. சூடு வெளியேற மூச்சும், அலகும், காலும்தான் வழி.

இதில் முட்டைக்கு இரண்டு அடி. வெயிலில் தீனி எடுப்பது குறைகிறது, சத்து போதாது. அப்புறம், மூச்சு வாங்க வாங்க ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. முட்டை ஓட்டுச் சுண்ணாம்பு உருவாக அதுவும் வேண்டும். எனவே எவ்வளவு கிளிஞ்சல் தூள் வைத்தாலும் ஓடு மெல்லிசாகிறது, தோல்முட்டை விழுகிறது. சேவலின் வீரியமும் இறங்கும். மரநிழலை மிஞ்சியது எதுவும் இல்லை. புளி, வேம்பு, மா எதுவானாலும் சரி. தகரக் கூரையின் கீழே அடைத்தால் அது கொட்டகை இல்லை, அடுப்பு. தீனியை விடிகாலையிலும் பொழுது சாய்ந்தும் வையுங்கள்.

குளம் இல்லாமல் முட்டை போடுமா?

போடும். சீன இனம் தரையிலேயே கூடும். கனத்த இனத்துக்குத் தண்ணீர் இருந்தால் கரு நன்றாகத் தரிக்கும். ஏரி ஓரம் வீடு என்பதற்காக ஏரியில் விட்டுவிடாதீர்கள், சாக்கடை கலக்கும் தண்ணீர் வாத்துக்கும் ஆகாது. தலை முழுசாக முங்குகிற ஆழத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி போதும். கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள அந்த ஆழம் அவசியம்.

திப்பி நிறையக் கிடைக்கிறது. அதையே கொடுக்கலாமா?

ஜவ்வரிசி ஆலைத் திப்பி, அதாவது மாவு எடுத்தபின் மிஞ்சும் மரவள்ளிச் சக்கை, நம் மாவட்டத்துக்குக் கிடைத்த மலிவான வரம், மறுக்கவில்லை. ஆனால் அது மாவுச்சத்தும் நாரும்தான், புரதம் மிகக் குறைவு. அதிலேயே வளர்ந்த பெட்டை கொழுப்பு ஏறி, வயிறு தரையைத் தொட நடக்கும். முட்டை மட்டும் வராது. மற்ற தீனியோடு கொஞ்சம் கலக்கலாம். பச்சை மரவள்ளித் தோலையும் இலையையும் போடவே கூடாது, மாட்டையே சாய்க்கும் நஞ்சு அது.

கூஸ் அடிப்படையில் புல் மேயும் பிராணி. அறுகம்புல் தரை கிடைத்தால் பாதித் தீவனச் செலவு மிச்சம். முட்டைக்கு மூன்று வாரம் முன்பிருந்து 15 சதவீதம் அளவு புரதம் உள்ள தீவனம், தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல், கொஞ்சம் ஆற்று மணல். வேலிமசால் என்ற தீவனச் செடியும் அகத்தியும் நறுக்கிப் போடலாம். பருவம் இல்லாத மாதங்களில் புல்லும் கைப்பிடிக் கம்பும் போதும், அப்போது அள்ளிப் போடுவதுதான் கொழுப்பாகிறது.

பத்து முட்டை போட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டது. எழுப்பலாமா?

உட்காரப் போகிறாள் என்பது முன்பே தெரியும். முதலில் வைக்கோலால் முட்டையை மூடிவிட்டுப் போவாள். பிறகு ஒரு நாள் கூட்டில் வெள்ளை மென்சிறகு கிடக்கும், தன் நெஞ்சிலிருந்து தானே பிடுங்கியது. அதைப் பார்த்துவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு முட்டைதான். அடை ஹார்மோன் ஏறியதும் முட்டைப்பை சுருங்கத் தொடங்கும்.

தினமும் முட்டையை எடுத்துவிட்டு ஒரு பொய் முட்டை வைத்துவந்தால் உட்காருவது தள்ளிப்போகும். உட்கார்ந்த பின் எழுப்ப வேண்டுமென்றால், முதல் இரண்டு நாளிலேயே கூடு தெரியாத இடத்தில், ஆனால் சேவல் கண்ணில் படும்படி, வெளிச்சமும் தண்ணீரும் உள்ள அடைப்பில் நாலைந்து நாள் வையுங்கள். சில வாரத்தில் மறுபடி போடலாம். தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது எல்லாம் வேண்டாம். பட்டினி போட்டால் இரண்டாவது சுற்றும் போய்விடும்.

எந்த வயதில் நன்றாகப் போடும்?

ஒரு வயதை ஒட்டித் தொடங்கும். முதல் பருவத்தில் குறைவு, முட்டையும் சிறிது. இரண்டாவது, மூன்றாவது பருவம்தான் உச்சம். ஐந்து வயது வரை தாராளமாக வைத்துக்கொள்ளலாம். முதல் வருஷம் ஏமாற்றியது என்று கறிக்குப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

நேற்று வரை போட்டது, திடீரென்று நின்றுவிட்டது.

இடம் மாற்றினீர்களா? தெருநாய் புகுந்ததா? தீபாவளி வெடியா? மூன்றில் ஒன்றாக இருக்கும். தீபாவளி சரியாக முட்டைக் காலத் தொடக்கத்தில் வந்து தொலைக்கிறது. வாத்து வாங்குவதென்றால் ஆடிக்குள் வாங்கிப் பழக்கிவிடுங்கள்.

ஜோடியாக வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, ஒரு முட்டைகூட இல்லை.

ஜோடிதானா என்று முதலில் பாருங்கள். சேவலுக்குக் குரல் கீச்சென்று உயர்ந்திருக்கும், பெட்டைக்குக் கட்டைக் குரல், குமிழும் சிறிது. நம்மூர்ச் சந்தையில் ஜோடி என்று கொடுப்பது பல சமயம் கண்மதிப்புத்தான். சந்தேகமிருந்தால் தலைவாசல் கால்நடைக் கல்லூரிக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோனால் பின்பக்கம் பிதுக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

முட்டை நிறைய வருகிறது, அடை வைத்தால் எல்லாம் கூமுட்டை.

சேவலுக்கு இரண்டு வயதாவது ஆகியிருக்கிறதா, பெட்டைகள் கணக்குக்கு மேல் இல்லையா என்று பார்த்துவிட்டு, அப்புறம் முட்டையை எங்கே சேர்த்து வைக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதிப் பேரிடம் குற்றவாளி அதுதான். அடை வைக்கும் முட்டை 13 முதல் 15 டிகிரியில் இருப்பது நல்லது. மாசிக் கடைசியில் சேலத்து வீட்டுக்குள்ளேயே 30 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்த்தால், உயிருள்ளதில் சிலந்தி போல ரத்த நரம்பு பரவியிருக்கும். இப்படிச் செத்ததில் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரியும். வளையம் இருந்தால் சேவல் மேல் பழி போடாதீர்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அறையிலேயே வைக்கலாம். இங்கே நான் ஈரமணல் மேல் மண்பானை வைத்து, அதற்குள் துணி விரித்து, முட்டையைப் படுக்க வைத்துத் தினம் ஒரு தரம் புரட்டுகிறேன். வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. எட்டாம் நாள் மிஞ்சியது வீட்டு அடுப்புக்கு. ஒரு முட்டையில் இரண்டு பேருக்கு ஆம்லெட் வரும், வெங்காயம் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும்.